சத்தம் போடாத பொம்மைகள்

அந்தத் தெருப் பூனைகள் எல்லாம் ஒரே வாரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் குடிபோனதற்கு ஏழு பேர்தான் காரணம். ஏழு பேரின் வயதையும் கூட்டினால் பதினைந்து வரும்.

ஏழு பேரும் காலையில் வந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவர்கள். வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள் அவர்களைக் கொண்டுவந்து விடுகிற இடம், குடைச்சலின் வீட்டு முன்னறை. குடைச்சலின் அம்மாதான் அங்கே குழந்தைகள் காப்பகம் நடத்திக்கொண்டிருந்தார்.

குடைச்சல் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் பத்து வயதுக்குள் அவள் கேட்ட கேள்விகளையும் கழற்றிப் பார்த்த கடிகாரங்களையும் மனதில் வைத்து வீட்டில் அவளைக் குடைச்சல் என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதை ஒரு பட்டம் போல வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஏழு பேரில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். முதல் ஆள் இடி. அவள் அழ ஆரம்பித்தால், வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் எதிர்வீட்டில் கொடியில் கிடக்கும் துணியை ஓடிவந்து உள்ளே எடுத்துவிடுவார்கள். இரண்டாவது ஆள் புல்டோசர். நிற்கிற எதையாவது தள்ளிவிட்டால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். மூன்றாவது ஆள் நாக்கு. எதையும் நக்கிப் பார்த்துத்தான் அறிமுகம் செய்துகொள்வான். கதவு, செருப்பு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கை, எதுவும் பாக்கி இல்லை.

மாடியில் டிரைவர் மாமா குடியிருந்தார். ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ்ஸை எடுத்தால் விடிய விடிய ஊர் ஊராக ஓட்டிவிட்டுக் காலையில் வந்துதான் படுப்பார். அவர் படுக்கிற நேரமும் ஏழு பேர் வந்து இறங்குகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

கீழே புல்டோசர் மரக்கட்டைக் கோபுரத்தைத் தள்ளினால் மேலே மாமாவின் தண்ணீர்ச் சொம்பு மேசைமேல் நாலு தப்படி நடக்கும். யாராவது தகர டிரம்மைத் தட்டினால் மாமா தூக்கத்திலேயே பிரேக் போடுவார். அவர் போடுகிற பிரேக்கில் கட்டில் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டித்தான் நிற்கும். படுத்த அறையில் அவர் எழுந்திருப்பதே இல்லை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அதை நாம் நம்ப வேண்டாம். அடுத்த அறைவரை போனது ஒரே ஒரு தடவைதான்.

முழுப் பரீட்சை விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை காலை, டிரைவர் மாமா கீழே இறங்கி வந்தார். கண் இரண்டும் தக்காளி மாதிரி இருந்தன. கூடவே எதிர்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மாவும் வந்தார்.

மாமாவுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. பஸ் நிறைய ஆட்கள் தன்னை நம்பித் தூங்குகிறார்கள் என்றும், அவர்கள் தூங்குவதற்குத் தான் முழித்திருக்க வேண்டும் என்றும், அதற்குத் தான் பகலில் தூங்க வேண்டும் என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். சொல்லும்போதே நின்றபடி ஒரு சின்னத் தூக்கமும் போட்டார்.

ஹவுஸ் ஓனர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "மேல ஒருத்தர் தூங்கணும். கீழ ஏழு பேர் முழிச்சிருக்கணும். ரெண்டும் ஒரே வீட்டுல நடக்காது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் குறையலன்னா காப்பகத்த வேற எடத்துக்கு மாத்திக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு இடம் என்று ஒன்று இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும், குடைச்சலுக்கும் தெரியும். காப்பகம் போனால் அம்மாவின் வேலை போச்சு. அந்த ஏழு பேரின் அம்மாக்களில் பாதிப் பேர் வேலையும் போச்சு.

அன்றைக்கு அம்மா ஒரு முயற்சி செய்து பார்த்தார். ஏழு பேரையும் வட்டமாக உட்கார வைத்து, வாய்மேல் விரலை வைக்கச் சொன்னார். ஏழு பேரும் வைத்தார்கள். நாக்கு மட்டும் விரலை வாய்க்குள் வைத்தான். அறை அமைதியானது. பிறகு, விரலை உதட்டில் வைத்தபடி ஊதினால் ஒரு புதுவிதமான சத்தம் வரும் என்பதை இடி கண்டுபிடித்தாள். மற்ற ஆறு பேரும் அதை உடனே கற்றுக்கொண்டார்கள். மாடியில் கட்டில் நகர்ந்தது.

குடைச்சல் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டினாள். கிலுகிலுப்பை கிலுகிலுத்தது. வாத்தை அமுக்கினால் கத்தியது. கார் சைரன் ஊதியது. சாதுவாக உட்கார்ந்திருந்த கரடிகூட வயிற்றைத் தொட்டதும் பாட ஆரம்பித்தது.

"அம்மா, இவங்க கத்தறதவிட பொம்மைங்கதான் அதிகமா கத்துது" என்றாள்.

அம்மா ஒரு கையில் இடியையும் இன்னொரு கையில் நாக்கின் நாக்கிலிருந்து பிடுங்கிய செருப்பையும் வைத்திருந்தார். "அப்ப கத்தாத பொம்மையா பார்த்து வாங்கிட்டு வா" என்றார்.

குடைச்சல் நேராகப் பொம்மைக் கடைக்குப் போய், சத்தம் வராத பொம்மை இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஈரமில்லாத தண்ணீர் ஒரு வாளி வேண்டும் என்று அவள் கேட்டுவிட்ட மாதிரி முகம்.

"சத்தம் வரலன்னா அது பொம்மைன்னு குழந்தைக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். குடைச்சல் திரும்பி வந்தாள். வரும் வழியிலேயே, சத்தம் போடாத பொம்மையைத் தானே செய்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். செய்யத் தெரியுமா என்ற கேள்வியை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அம்மா சமையலறையில் மாவு பிசையும்போது மட்டும் ஏழு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். ஒரு சின்ன உருண்டையைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், அதை அமுக்கி, இழுத்து, காதில் ஒட்டி, மூக்கில் ஒட்டி, அரைமணி நேரம் சத்தமே இருக்காது.

செவ்வாய்க்கிழமை அவள் மைதா மாவில் தண்ணீர் ஊற்றினாள். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. அது தப்பு. மாவு, மாவாக இல்லாமல் பசையாகிவிட்டது. புல்டோசர் அதில் இரண்டு கையையும் வைத்து மேசையைத் தள்ளினான். மேசை நகர்ந்தது. பிறகு கையை எடுக்கப் பார்த்தான். மேசையும் கூடவே வந்தது.

சாயங்காலம் அவனைக் கூட்டிப் போக வந்த அவன் அப்பா ரொம்ப மரியாதையான மனிதர். பையனைத் தூக்கினார், மேசையும் தூக்கிக்கொண்டது. வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு, "மேசைய நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடறேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மிச்சமிருந்த மாவை நாக்கு தின்று தீர்த்துவிட்டு, இன்னும் கேட்டு அழுதான்.

குடைச்சல் அசரவில்லை. தன் மாவில் இரண்டு குறைகள் இருப்பதாக அம்மாவிடம் சொன்னாள். ஒட்டுகிறது என்பது ஒன்று. ருசியாக இருக்கிறது என்பது இன்னொன்று.

ஒட்டாமல் இருக்க எண்ணெய் சேர்க்கலாம் என்றார் அம்மா. ருசிக்கு என்ன செய்வது என்பதைக் குடைச்சல் தானே யோசித்திருந்தாள். இரண்டு கிண்ணம் மாவுக்கு ஒரு கிண்ணம் உப்பை எடுத்துக் கொட்டினாள். அம்மா பதறிப்போனார். இவ்வளவு உப்புப் போட்டால் ஒருத்தராலும் வாயில் வைக்க முடியாதே என்றார்.

"அதுக்குத்தானேம்மா" என்றாள் குடைச்சல்.

பீட்ரூட்டை வேகவைத்த தண்ணீரில் ஒரு பங்கு ரோஜா நிறமானது. கீரையை அரைத்துப் பிழிந்த சாற்றில் ஒரு பங்கு பச்சையானது. சூடான தண்ணீரை அம்மாதான் ஊற்றிக் கிளறினார். ஆறியதும் குடைச்சல் உட்கார்ந்து கன்னம்போல் மெத்தென்று ஆகும்வரை பிசைந்தாள்.

புதன்கிழமை காலையில் நாக்குக்கு முதல் உருண்டை தரப்பட்டது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வழக்கப்படி நக்கினான். அவன் முகம் முழுவதும் நடுவில் வந்து கூடியது. துப்பினான். கொஞ்ச நேரம் யோசித்தான். தப்பாக நக்கிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பொருளைக் கையால் தொட்டு விளையாட ஆரம்பித்தான்.

"மாவு ஜெயிச்சிடுச்சு" என்றார் அம்மா, சத்தமில்லாமல்.

அடுத்து மரக்கட்டைகள். பழைய ஸ்பாஞ்சு மெத்தை ஒன்று மூலையில் கிடந்தது. அம்மா அதன் பஞ்சைச் செங்கல் அளவில் வெட்டிக்கொடுத்தார். குடைச்சல் கிழிந்த தலையணை உறைகளில் அவற்றைப் போட்டுத் தைத்தாள். தையல் கோணல்மாணலாகத்தான் வந்தது. புல்டோசர் தையலைப் பார்க்கிற ஆள் இல்லை. கோபுரம் எழும்பியதும் தள்ளினான். கோபுரம் விழுந்தது. சத்தம் வரவில்லை.

புல்டோசர் காத்திருந்தான். மறுபடி அடுக்கச் சொல்லி மறுபடி தள்ளினான். ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி அதன் அடியில் பார்த்தான். அன்று மத்தியானம்வரை அவன் சத்தத்தைத் தேடிக்கொண்டே இருந்தான். அவன் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

மிச்சம் இருந்தது இடி. அவளுக்கு மாவும் பிடிக்கவில்லை, கட்டையும் பிடிக்கவில்லை. அவளுக்காகக் குடைச்சல் ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தாள்.

அந்தப் பெட்டி நிறைய ஒற்றை சாக்ஸ். மாடிக் கொடியிலிருந்து காற்றில் விழுந்தவை. காற்றுக்கு என்ன பழக்கமோ, ஜோடியாக ஒருநாளும் தள்ளாது. மாமாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் அம்மா சேர்த்து வைத்திருந்தார். ஆனால் மாமா வீட்டில் இருந்தால் தூங்குவார், முழித்திருந்தால் பஸ்ஸில் இருப்பார். கதவைத் தட்ட நேரமே அமையவில்லை.

ஒற்றை சாக்ஸை யார் தேடப்போகிறார்கள் என்று குடைச்சல் நினைத்தாள். நீளமான நீல சாக்ஸ் ஒன்றில் துணித் துண்டுகளை அடைத்து, கழுத்தில் கட்டி, இரண்டு காது இழுத்துத் தைத்தாள். கண்ணுக்குப் பொத்தான் வைக்கலாமா என்று யோசித்தாள். பொத்தான் நேராக நாக்கின் வயிற்றுக்குத்தான் போகும் என்பதால் கறுப்பு நூலிலேயே கண்ணைத் தைத்துவிட்டாள். பார்க்க நாய் மாதிரி இருந்தது. வேறு பக்கத்திலிருந்து பார்த்தால் முயல் மாதிரியும் இருந்தது.

இடி அதை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அழுகை வரும்போதெல்லாம் அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இடி முழுவதும் துணிக்குள்ளேயே இடித்து அடங்கிவிட்டது.

கத்துகிற பொம்மைகள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றினார்கள். வியாழக்கிழமை, மைதாவைக் காய்ச்சிய கூழில் பீட்ரூட் சாறு கலந்து குடைச்சல் ஒரு வண்ணம் செய்தாள். ஏழு பேரும் அதைக் கையால் அள்ளி ஜன்னல் கண்ணாடியில் பூசினார்கள். துடைத்தால் போய்விட்டது. மறுபடி பூசினார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. இத்தனை நாள் அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. குடைச்சல் கழற்றி மாட்டியிருந்தாலும் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு ஏழு பேரும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, காப்பகம் பிழைத்தது என்றார். குடைச்சல் காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆறரை மணிக்கு வாசலில் ஒரு கண்டக்டர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பெட்டியும் பையுமாக பஸ் நிறைய ஆட்கள். பஸ்ஸில் உட்கார்ந்த வரிசையிலேயே தெருவில் நின்றார்கள். ஜன்னல் சீட்டுக்காரர்கள் மட்டும் சுவர் ஓரமாக நின்றார்கள்.

"டிரைவர் எங்க?" என்றார் கண்டக்டர்.

டிரைவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் பாக்கி இருந்த தூக்கத்தை எல்லாம் ஒரே மூச்சில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டினார்கள், அசையவில்லை. அலாரம் தலைமாட்டில் அடித்துக்கொண்டே இருந்தது, அதற்கும் அசையவில்லை. கடைசியில் பஸ்ஸில் போக வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார். சட்டையை உள்பக்கம் வெளிப்பக்கமாக மாட்டிக்கொண்டு ஓடினார்.

சனிக்கிழமை காலை மாமா மறுபடி வந்தார். ஹவுஸ் ஓனர் அம்மாவும் வந்தார். இந்தத் தடவை மாமாவின் கண் தெளிவாக இருந்தது. முகம்தான் தொங்கிப்போயிருந்தது. நேற்று பஸ் லேட்டாகப் போனதற்கு ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டார்களாம். இன்னொரு நாள் இப்படி நடந்தால் பகல் பஸ்ஸும் கிடையாது, ராத்திரி பஸ்ஸும் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"அலாரமெல்லாம் என்ன எழுப்பாது தங்கச்சி. ஹார்ன் சத்தத்துலயே வளர்ந்த காது" என்றார் அம்மாவிடம். "இந்தப் பசங்க சத்தத்துலதான் இத்தன நாளா எழுந்திருச்சிருக்கேன். அது எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது. சத்தம் இருந்தா தூங்க முடியல, இல்லன்னா எழுந்திருக்க முடியல. நான்தான் வேற வீடு பார்க்கணும்போல."

ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு யாரைப் போகச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் கேட்காமலே குடைச்சல் குடைய ஆரம்பித்தாள்.

"மாமா, நீங்க எத்தன மணிக்கு எழுந்திருக்கணும்?"

"அஞ்சு மணிக்கு எழுந்தா சரியா இருக்கும் பாப்பா."

"அதுவரைக்கும் சத்தம் வேணாம். அதுக்கப்புறம் வேணும். அவ்வளவுதானே?"

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், அவ்வளவுதான் என்றார்.

"அப்ப எதுக்கு வீடு மாத்தறீங்க? போய்த் தூங்குங்க. நான் எழுப்பறேன்" என்றாள் குடைச்சல். நூறு டிரைவர்களை எழுப்பி அனுபவம் உள்ளவள் மாதிரி சொன்னாள்.

அன்று பகல் முழுவதும் அந்த வீட்டில் மாவும் பஞ்சுக் கட்டையும் வண்ணமும்தான். குடைச்சல் மட்டும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். காலி பாட்டில்களில் கூழாங்கல்லைப் போட்டு, மூடியைத் திருகி, நாக்கால்கூடத் திறக்க முடியாதபடி டேப்பைச் சுற்றினாள். பிஸ்கட் டப்பாக்களைக் கவிழ்த்து வைத்து மரக்கரண்டிகளைத் தேடி எடுத்தாள். பாத்திர மூடிகளில் சத்தம் அதிகமாக வருகிறதா என்று தட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஐந்து அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பரணிலிருந்து சாக்கு இறங்கியது. ஏழு பேரும் அதைச் சுற்றி வந்து நின்றார்கள். சாக்கை அவிழ்த்ததும், வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி பொம்மைகள்மேல் விழுந்தார்கள். குடைச்சல் கரண்டியைத் தூக்கி, "ம்" என்றாள்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது, காகிதம் கிழிந்துவிடும். எதிர்வீட்டில் ஹவுஸ் ஓனர் அம்மாவின் மூக்குக்கண்ணாடி அவர் மூக்கைவிட்டு இறங்கி மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்டக்டர் மட்டும் இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக வாசலிலேயே வந்து நின்றிருந்தார். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

மாடியில் ஒரு சத்தமும் இல்லை.

குடைச்சல் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, மேலே காதைக் கொடுத்தாள். ஒரே ஒரு குறட்டை கேட்டது. மூன்று நாள் நல்ல தூக்கம் தூங்கிய உடம்பு அது, இப்போது எதற்கும் அசையத் தயாராக இல்லை. அம்மாவின் முகம் வாடிவிட்டது. கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

குடைச்சல் ஏழு பேரையும் எண்ணினாள். ஆறு பேர் கையில்தான் கரண்டி இருந்தது. இடி ஓர் ஓரமாக உட்கார்ந்து சாக்ஸ் நாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவள் வாயே திறக்கவில்லை.

குடைச்சல் அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "இடி, எனக்காக ஒரு தடவ கத்தறியா?"

இடி அவளையே பார்த்தாள். கத்தாதே என்று சொல்லித்தான் அவள் கேட்டிருக்கிறாள். கத்து என்று இதுவரை ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. மெதுவாக எழுந்தாள். நாயைக் குடைச்சலின் கையில் பத்திரமாகக் கொடுத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். ஜன்னல் திரை உள்பக்கமாக வந்தது.

கத்தினாள்.

மாடியில் பிரேக் விழுந்தது. கட்டில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற சத்தம் கூரை முழுக்கக் கேட்டது. சுவரில் டொம்மென்று முட்டியது. பிறகு காலடிச் சத்தம், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், கதவுச் சத்தம். முகம் கழுவி, தலை சீவி, சட்டையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு டிரைவர் மாமா படியிறங்கி வந்தார். சுவர்க் கடிகாரம் அப்போதுதான் ஐந்து அடித்து முடித்திருந்தது.

ஹவுஸ் ஓனர் அம்மாவும் எதிர்வீட்டிலிருந்து வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மாமாவைப் பார்த்தார், ஏழு பேரைப் பார்த்தார். காப்பகத்தை மாற்றச் சொன்ன பேச்சை அவர் எடுக்கவே இல்லை. இனிமேல் கத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் தனக்கு ஆள் விட்டுச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மாமா கிளம்பப் போனவர் நின்றார். குடைச்சலின் கையில் இருந்த நாயைக் குனிந்து பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"இது என்னோட சாக்ஸ் ஆச்சே" என்றார்.

குடைச்சல் நாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். இடி வேகமாக வந்து நாயைப் பிடுங்கிக்கொண்டு, மாமாவை முறைத்தாள். மறுபடி மூச்சை இழுக்க ஆரம்பித்தாள்.

மாமா பயந்துபோய் இரண்டு படி பின்னால் ஏறினார். அப்படியே மேலே போய், ஒரு பை நிறைய எதையோ எடுத்துக்கொண்டு வந்து குடைச்சலிடம் நீட்டினார். எல்லாம் ஒற்றை சாக்ஸ். கொடியிலிருந்து விழாமல் மிச்சமிருந்தவை.

"ஜோடி எல்லாம் இங்க இருக்கும்போது ஒத்தைய வெச்சு நான் என்ன பண்ணப்போறேன். ஆளுக்கொரு நாய் செஞ்சு குடு பாப்பா" என்றார். பிறகு இடியின் பக்கம் கொஞ்சம் குனிந்து, "திங்கக்கிழமையும் நீதாம்மா எழுப்பணும்" என்றார்.

ஆறு மணி பஸ் ஆறு மணிக்கே கிளம்பியது.

அடுத்த வாரம் பூனைகளும் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்துவிட்டன. தினமும் நாலரை மணிக்கு மட்டும் அடுத்த தெருவுக்கு ஒரு நடை போய்விட்டு, ஐந்தேகாலுக்கு வீடு வந்து சேர்ந்துவிடும்.